சொகுசுக் கப்பலில் டிப்ஸ்: டிக்கெட் எடுக்கும் நாள் முதல் இறங்கும் காலை வரை

கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளைகள் பெற்றோரை அழைத்து, ஒரு வாரம் கப்பலில் கூட்டிச் செல்வது யாழ்ப்பாணத்தில் இப்போது புதிய செய்தி அல்ல. விசா கைக்கு வந்ததும் எங்கள் ஊரவர்கள் என்னிடம் வருவார்கள். முதலில் உடுப்பைப் பற்றிக் கேட்பார்கள். அடுத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தம்பி, அங்கே யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்?" என்பார்கள்.

நான் ஐந்து ஒப்பந்தக் காலம் கப்பலில் கபின் ஸ்டூவர்ட்டாக, அதாவது பயணிகளின் அறைகளைத் துப்புரவாக்கிப் பராமரிப்பவனாக, வேலை செய்தவன். பயணிகள் கொடுத்த காசில்தான் என் தங்கையின் கலியாணம் நடந்தது. ஆகவே இந்தக் கேள்வியை நான் இலேசாக எடுப்பதில்லை. கொடுக்க மனமில்லாத எங்கள் ஆட்களை நான் அதிகம் கண்டதில்லை. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று தெரியாததால் ஒரே சேவைக்கு இரண்டு தடவை கொடுத்தவர்களையும், கொடுக்க வேண்டியவரைத் தவறவிட்டவர்களையும்தான் கண்டிருக்கிறேன். கீழே உள்ளவற்றை அதே வரிசையில் செய்யுங்கள்.

1. சேவைக் கட்டணம் கட்டியாகிவிட்டதா என்று முதலில் கேளுங்கள்

காசை எண்ணுவதற்கு முன் இதற்கு விடை வேண்டும். மற்ற எல்லாப் படிகளும் இதை வைத்தே மாறும்.

பெரிய கப்பல் கம்பனிகளில் பெரும்பாலானவை, ஆளுக்கு நாளுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைத் தாமாகவே அறவிடுகின்றன. 'கிராஜுவிட்டி', 'சேர்விஸ் சார்ஜ்', 'குரூ அப்ரிசியேஷன்' என்று கம்பனிக்கு ஒரு பெயர் இருக்கும். பொருள் ஒன்றுதான். அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து புறப்படும் பெரிய கப்பல்களில் சாதாரண அறையில் தங்கும் ஒருவருக்கு இது நாளொன்றுக்கு ஏறக்குறைய 16 முதல் 20 டொலர் வரை வரும். சூட் எனப்படும் பெரிய அறைகளுக்கு இன்னும் சில டொலர் கூடும். இந்தத் தொகையை அவ்வப்போது உயர்த்துவார்கள். போன தடவை போய்வந்த மச்சான் சொன்ன கணக்கை வைத்துக்கொள்ளாமல், உங்கள் கப்பலுக்குரிய தொகையைக் கம்பனியின் இணையப் பக்கத்திலேயே பாருங்கள்.

நாள் கணக்காகப் பார்த்தால் சிறிய தொகைபோலத் தெரியும். பெருக்கிப் பாருங்கள். நான்கு பேர், ஏழு இரவு, ஆளுக்கு 18 டொலர் என்றால் 504 டொலர். இது அறைக்கு அல்ல, ஆளுக்கு. ஒரே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளாகப் படுப்பவருக்கும் உண்டு. பிள்ளைகளுக்கும் பல கம்பனிகள் முழுத் தொகையை எடுக்கின்றன. சில பாதி எடுக்கும், சில கைக்குழந்தைக்கு மட்டும் விலக்குக் கொடுக்கும்.

எல்லாக் கப்பலும் இப்படியல்ல. பிரிட்டனின் பி அண்ட் ஓ குரூசஸ் 2019 முதல் இதைத் தனியாக அறவிடுவதில்லை. பயணக் கட்டணத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. இன்னொரு பிரிட்டிஷ் கம்பனியான மரெல்லாவிலும் அப்படியே. சில்வர்சீ, சீபோர்ன், ரீஜென்ட் போன்ற உயர்விலைக் கப்பல்களிலும் கட்டணத்திலேயே சேர்ந்திருக்கும். லண்டனில் இருக்கும் மகள் சவுதாம்டன் துறைமுகத்திலிருந்து கூட்டிப் போகிறாள் என்றால், இதை அவளிடமே கேட்டுவிடுங்கள்.

ஆகவே உங்கள் நிலை மூன்றில் ஒன்று: கட்டணத்துக்குள் அடங்கியது, முன்கூட்டியே கட்டியது, அல்லது கப்பலில் நாள்தோறும் கணக்கில் ஏறப்போவது. டிக்கெட் எடுத்தவர் பிள்ளை. கப்பலில் காசு கொடுக்கப்போகிறவர் தகப்பன். இருவரும் இதைப் பற்றிப் பேசியே இருக்கமாட்டார்கள். கொக்குவிலைச் சேர்ந்த ஓர் ஐயா, ரொறன்ரோவில் இருக்கும் மகன் இரண்டு பேருக்கும் முன்பே கட்டிவிட்டது தெரியாமல், "ஆளுக்கு நாளுக்கு 18" என்று தானே கணக்குப் போட்டு, 252 டொலரை அப்படியே உறைகளில் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தார். வாங்கியவர்கள் மகிழ்ந்திருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் அது அவருடைய ஓய்வூதியக் காசு.

முன்கூட்டியே கட்ட முடியுமானால் கட்டிவிடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. இடையில் கட்டணம் உயர்ந்தாலும், கட்டியவரிடம் பொதுவாக மேலதிகமாகக் கேட்பதில்லை. கடைசி நாள் பில்லைப் பார்த்துப் பெற்றோர் திடுக்கிடவும் வேண்டியதில்லை.

2. சிறிய தாள்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

கப்பலுக்குள் வாங்குவது குடிப்பது எல்லாம் கப்பலில் தரும் அறை அட்டையில்தான் கணக்கேறும். கைக்காசு தேவைப்படுவது டிப்ஸுக்கும் கரைச் செலவுக்கும் மட்டும். ஆனால் அந்தக் காசு சிறிய தாள்களாக இருக்க வேண்டும். இதைத் தயார்செய்ய நாள் எடுக்கும் என்பதால்தான் இரண்டாம் படியாக வைத்தேன்.

யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டு நாணயம் வாங்கப் போனால் பெரும்பாலும் நூறு டொலர் தாள்களாகவே தருவார்கள். அதைக் கொண்டுபோய் ஒரு கோப்பித் தட்டைக் கொண்டுவந்த பையனிடம் நீட்ட முடியாது. நூறை அங்கே போய்ப் பிள்ளைகளிடம் கொடுத்து, வங்கியில் ஒன்று, ஐந்து, பத்து, இருபது டொலர் தாள்களாக மாற்றித் தரச் சொல்லுங்கள். மறந்துவிட்டால் கப்பலின் பயணிகள் சேவை மேசையிலும் மாற்றலாம். கடைசி இரண்டு நாட்களில் அங்கே ஒரு டொலர் தாள்கள் தீர்ந்துபோவதை நான் கண்டிருக்கிறேன். முதல் நாளே மாற்றுங்கள்.

எந்த நாணயம்? கப்பலுக்குள் எதில் கணக்குப் போகிறதோ அதுவே. கரிபியன், அலாஸ்கா என்றால் அமெரிக்க டொலர். மத்தியதரைக் கடலில் பல கப்பல்களில் யூரோ. பிரிட்டிஷ் கப்பல் என்றால் ஸ்டெர்லிங் பவுண். கனடாவிலிருந்து போகிறவர்கள் கனடிய டொலரை அப்படியே கொண்டுபோகிறார்கள். வாங்குகிறவருக்கு அதை மாற்றுவது கூடுதல் அலைச்சல்.

இலங்கை ரூபாய் வேண்டாம். நாணயக் குற்றிகளும் வேண்டாம். என் அறையில், கட்டிலுக்குக் கீழே ஒரு பிஸ்கட் டின் இருந்தது. ஐந்து ஒப்பந்தக் காலத்தில் பயணிகள் மேசையில் விட்டுப்போன குற்றிகள்: இருபத்தைந்து சத அமெரிக்கக் காசு, யூரோ சதங்கள், கனடாவின் இரண்டு டொலர். நாணய மாற்று நிலையம் தாளைத்தான் எடுக்கும், குற்றியை எடுக்காது. அந்த டின் நிறைந்துகொண்டே போனது. அதில் ஒரு சதமாவது வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை.

ஏழு இரவுப் பயணத்துக்கு, சேவைக் கட்டணம் வேறாகக் கட்டியாகிவிட்ட ஒரு தம்பதிக்கு, 100 முதல் 120 டொலர் கைக்காசு தாராளம். ஒரு டொலர் தாள் இருபது, ஐந்து டொலர் தாள் எட்டு, மீதி பத்தும் இருபதுமாக. கூடவே நான்கைந்து வெற்று உறைகளையும் ஒரு பேனையையும் வைத்துக்கொள்ளுங்கள். உறை கப்பலில் கேட்டாலும் தருவார்கள். கடைசி மாலையில் அதற்காக வரிசையில் நிற்பதைவிடக் கஸ்தூரியார் வீதியில் ஒரு கட்டு வாங்கிப் பெட்டியில் போடுவது சுலபம்.

3. துறைமுகத்தில் பெட்டி தூக்குகிறவர்

மயாமி, ஃபோர்ட் லோடர்டேல் போன்ற அமெரிக்கத் துறைமுகங்களில் காரை விட்டு இறங்கியதும் ஒருவர் வந்து பெட்டிகளை வாங்கி வண்டியில் அடுக்குவார். அவர் கப்பல் ஊழியர் அல்லர், துறைமுகத் தொழிலாளி. நீங்கள் கட்டிய சேவைக் கட்டணத்தில் ஒரு சதமும் அவருக்குப் போகாது. பெட்டிக்கு ஒரு டொலர், பாரமான பெட்டி என்றால் இரண்டு, அந்த இடத்திலேயே கையில் கொடுங்கள். எங்கள் பெட்டிகள் பாரமானவைதான்.

பயணத்தின் முதல் டிப்ஸ் இதுவே என்பதால் சில தாள்களைச் சட்டைப் பையிலோ கைப்பையின் வெளி அறையிலோ வைத்திருங்கள். பெட்டியைத் திறந்து தேடும்போது அந்தப் பெட்டியே வண்டியில் ஏறிவிடும்.

4. இரண்டாம் நாள்: உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள்

அறைத் தொலைக்காட்சியிலோ கம்பனியின் செயலியிலோ உங்கள் கணக்கைப் பார்க்கலாம். கண் தெரியவில்லை என்றால் சேவை மேசைக்குப் போய் அச்சடித்துத் தரச் சொல்லுங்கள்.

முன்கூட்டியே கட்டியவர்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: நாள் கட்டணம் மறுபடியும் ஏறியிருக்கிறதா? அரிதாகத்தான் நடக்கும். பெயர் மாற்றம், அறை மாற்றம் செய்த டிக்கெட்டுகளில் நடந்ததைப் பார்த்திருக்கிறேன். கட்டிய பற்றுச்சீட்டைத் தொலைபேசியில் படமாக வைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தீரும். இரண்டாம் நாள் என்று சொல்வதற்குக் காரணம், அன்று மேசைக்கு முன் கூட்டம் இராது. இறங்கும் காலையில் அதே மேசைக்கு முன் வரிசை படிக்கட்டு வரை நிற்கும்.

கப்பலில் செலவழிக்கவென்று டிக்கெட்டோடு ஒரு தொகை இலவசமாகக் கிடைத்திருந்தால் அதையும் அன்றே பாருங்கள். பல கம்பனிகளில் அது நாள் சேவைக் கட்டணத்தில் கழிபடும். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியாமல், கடைசி நாளில் தேவையில்லாத பொருளை வாங்கி அதை முடிக்கிறவர்கள் பலர்.

5. பில்லில் கையெழுத்து வைக்கும் முன் இரண்டாம் வரியைப் படியுங்கள்

எங்கள் ஆட்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. ஆறுதலாகச் சொல்கிறேன்.

நாள் சேவைக் கட்டணம் அறைக்கும் சாப்பாட்டு மண்டபத்துக்கும் உரியது. மதுச்சாலையில் வாங்கும் பானம், உடம்பு பிடித்துவிடும் நிலையம், தனிக்கட்டணம் அறவிடும் உணவகம் ஆகியவற்றுக்கு வேறாக 18 அல்லது 20 வீதம் பில்லிலேயே சேர்ப்பார்கள். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பெரிய ஹோட்டல்களில் பில்லின் அடியில் 10 வீதம் சேவைக் கட்டணம் வருகிறதே, அதே முறைதான். வீதம் மட்டும் கூட.

அந்தத் துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். முதல் வரியில் பானத்தின் விலை, 12 டொலர். இரண்டாம் வரியில் 18 வீதச் சேவைக் கட்டணம், 2.16 டொலர். மூன்றாவது வரி வெறுமையாக இருக்கும். பக்கத்தில் 'அடிஷனல் டிப்' என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே மொத்தம், அதற்கும் கீழே கையெழுத்து. வெறுமையாக ஒரு கோடு கிடந்தால் அதை நிரப்ப வேண்டும் என்று எங்கள் கை நினைக்கிறது. பாடசாலைக் காலத்துப் பழக்கமோ என்னவோ. மூன்று டொலர் என்று எழுதிவிடுவார்கள். அப்படி எழுதினால் ஒரு பானத்துக்கு இரண்டு தடவை டிப்ஸ் கொடுத்தாயிற்று.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வெறுமையான கோட்டின்மேல் குறுக்கே ஒரு கீறு கீறுங்கள். மொத்தத்தில் 14.16 என்று நீங்களே எழுதுங்கள். பிறகு கையெழுத்து. கீறாமல் விடுவதும் தவறில்லை. கீறிவிட்டால் பிற்பாடு எந்தக் கேள்வியும் வராது. அந்தப் பணியாளர் மரியாதைக் குறைவாக நினைப்பாரோ என்று பயப்பட வேண்டாம். இரண்டாம் வரி என்னவென்று அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

பானப் பொதி (முழுப் பயணத்துக்குமான பானங்களுக்கு மொத்தமாகக் காசு கட்டுவது) வாங்கியிருந்தால், அதன் சேவைக் கட்டணம் வாங்கும்போதே சேர்ந்துவிடும். பிறகு ஒவ்வொரு கோப்பைக்கும் கொடுக்கத் தேவையில்லை. தினமும் மாலையில் ஒரே இடத்தில் ஒரே ஆளிடம் தேசிக்காய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறீர்கள், அவர் உங்களைக் கண்டதுமே ஐஸ் போடாமல் கலக்கத் தொடங்குகிறார் என்றால், முதல் நாளோ இரண்டாம் நாளோ ஐந்து டொலரைக் கையில் கொடுங்கள். இது கடமை அல்ல, நன்றி.

உடம்பு பிடித்துவிடும் நிலையத்தில் கூடுதல் கவனம் வேண்டும். 150 டொலர்ச் சேவைக்கு 20 வீதம் என்றால் 30 டொலர் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. முடிந்ததும் எண்ணெய் பூசிய களைப்பில், மங்கலான வெளிச்சத்தில் பில்லை நீட்டுவார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

அறைக்கே சாப்பாடு கொண்டுவருபவருக்கு மட்டும் முறை வேறு. பல கப்பல்களில் காலைச் சிற்றுண்டியை அறைக்குக் கொண்டுவந்து தருவது இலவசம். பில்லில் சேவைக் கட்டணம் இராது. ஒரு தட்டுக்கு இரண்டு, மூன்று டொலர் வாசலில் வைத்தே கொடுங்கள். பில்லில் வீதம் சேர்ந்திருந்தால் வேண்டாம்.

6. மேலதிகமாக யாருக்கு, எவ்வளவு

முதலில், நாள் கட்டணம் எங்கே போகிறது என்பது தெரிய வேண்டும். கபின் ஸ்டூவர்ட், சாப்பாட்டு மண்டபத்து வெயிட்டர், அவருடைய உதவியாளர் ஆகியோருக்குப் பெரும்பங்கு. மீதி, பல கம்பனிகளில், நீங்கள் கண்ணால் காணாதவர்களுக்குப் போகிறது: சலவை அறையில் படுக்கை விரிப்பு மடிப்பவர், கோப்பை கழுவுபவர், இரவில் நடைபாதை துடைப்பவர். நீங்கள் மேலதிகமாகக் கொடுக்கும் கைக்காசு கண்ணுக்குத் தெரிகிறவருக்குத்தான் போகும். ஆகவே "நான் நேரடியாகவே கொடுத்துக்கொள்கிறேன்" என்று நாள் கட்டணத்தை நீக்குவது அந்தச் சலவைக்காரரின் பங்கை எடுத்துவிடுகிறது. நல்ல மனத்தோடுதான் அப்படிச் செய்கிறார்கள். பலன் நல்லதாக வருவதில்லை.

இன்னொன்றும் உண்டு. நாள் கட்டணத்தை நீக்கிய பயணியிடமிருந்து வாங்கிய கைக்காசைப் பொதுப் பெட்டியில் சேர்க்க வேண்டும் என்ற விதி பல கம்பனிகளில் இருக்கிறது. நான் வேலை செய்த கப்பலிலும் இருந்தது. கட்டணத்தை நீக்காதவர் கொடுத்த காசு முழுதும் எங்களுடையது. ஆகவே நீக்கிவிட்டு நீங்கள் கையில் வைத்த இருபது டொலர், நீங்கள் நினைத்த ஆளிடம் நிற்காமலே போகலாம்.

இனிக் கணக்கு. ஏழு இரவுக்கு, நாள் கட்டணத்துக்கு மேல், என் மதிப்பீடு இது.

கபின் ஸ்டூவர்ட்டுக்கு அறைக்கு 20 முதல் 40 டொலர். சிறு பிள்ளைகள் இருந்தால், நோயாளி இருந்தால், தினமும் கட்டிலைப் பிரித்துச் சேர்த்துத் தந்திருந்தால் மேல் தொகை. இரவில் மூச்சு முட்டுகிறது என்று நான்காவது தலையணை கேட்ட அம்மா ஒருவருக்கு, மற்ற இரவுகளில் கேட்காமலே அது கட்டிலில் இருந்தது. அதைக் கவனித்தவர் அந்த ஸ்டூவர்ட்தான்.

வெயிட்டருக்கு 15 முதல் 20, உதவியாளருக்கு 10. ஒவ்வோர் இரவும் ஒரே மேசையில், ஒரே ஆளிடம் சாப்பிட்டிருந்தால்தான் இது. நேரம் மாற்றி மாற்றி, வெவ்வேறு மேசையில் இருந்தவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. மனத்தில் நின்றவருக்கு அன்றே ஐந்து டொலர் போதும்.

தலைமை வெயிட்டரை எங்கள் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். சைவச் சாப்பாட்டுக்காரர், வெள்ளிக்கிழமை விரதக்காரர், நீரிழிவுக்காரர் ஆகியோருக்கு இவர்தான் ஆள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அடுத்த நாள் உணவுப் பட்டியலோடு மேசைக்கு வந்து, எது மீன் குழம்பில் சமைத்தது, எதில் முட்டை இருக்கிறது என்று சொல்லி, சமையலறையில் வேறாகச் செய்ய ஏற்பாடு செய்பவர் அவர். உங்களுக்காக ஏழு இரவும் இதைச் செய்திருந்தால் 15, 20 டொலர் கொடுப்பது நியாயம். செய்யாமல் மேசைப் பக்கமாகச் சிரித்துக்கொண்டு போனவருக்குத் தேவையில்லை.

பிள்ளைகள் காப்பகத்தில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்களுக்குச் சில கம்பனிகளில் காசு வாங்க அனுமதி இல்லை. கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

கொடுக்கக் கூடாதவர்கள்: கப்டன், சீருடைத் தோளில் பட்டி வைத்த அதிகாரிகள், வைத்தியர், தாதி. நீட்டினால் அவர்களுக்குத்தான் சங்கடம். சேவை மேசையில் இருப்பவர்களுக்கும் வழக்கமில்லை. இவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டுமானால், பயணம் முடிந்ததும் வரும் கருத்துப் படிவத்தில் பெயரை எழுதுங்கள். ஸ்டூவர்ட், வெயிட்டர் பெயரையும் எழுதுங்கள். பதவி உயர்வுக்கும் அடுத்த ஒப்பந்தத்துக்கும் அந்தப் பெயர்கள் எண்ணப்படுகின்றன. என்னை மேற்பார்வையாளரிடம் முதலில் அறிமுகப்படுத்தியதே ஒரு பயணி எழுதிய இரண்டு வரிதான்.

தமிழ் பேசும் ஊழியரைக் கண்டால் எங்களுக்கு மனம் இளகிவிடும். தூத்துக்குடியிலிருந்தோ கன்னியாகுமரியிலிருந்தோ வந்த ஒரு பையன் பஃபேயில் "வணக்கம் அம்மா, சாப்பிட்டீர்களா?" என்று கேட்டுவிட்டால் போதும். கோப்பாயிலிருந்து வந்த ஒரு மாமி தன்னிடம் இருந்த எண்பது டொலரையும் அவன் கையிலேயே வைத்துவிட்டார். அவருடைய அறையை ஏழு நாளும் துப்புரவாக்கிய பிலிப்பீன்ஸ் ஸ்டூவர்ட்டுக்குக் கடைசி இரவில் கொடுக்க ஒன்றும் இல்லை. நான்தான் அப்போது அடுத்த நடைபாதையில் வேலை செய்தேன். அந்த ஸ்டூவர்ட்டின் முகம் எனக்குத் தெரியும். தமிழில் பேசியவருக்குக் கொடுங்கள், கட்டாயம் கொடுங்கள். உங்களுக்கு வேலை செய்தவருக்கு ஒதுக்கிவைத்த பிறகு கொடுங்கள்.

7. எப்போது, எப்படிக் கொடுப்பது

கடைசிக் காலை அல்ல. அதற்கு முந்திய மாலை.

காரணத்தைச் சொல்கிறேன். கப்பல் ஊழியரின் வேலை நிலைமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையான கடல்சார் தொழிலாளர் சமவாயம், 2006 சொல்லும் மிகக் குறைந்த ஓய்வு எந்த 24 மணிநேரத்திலும் 10 மணிநேரம், ஏழு நாளில் 77 மணிநேரம். மாதக்கணக்கில் முழு விடுமுறை நாள் என்று ஒன்று இல்லாத வேலையில், துறைமுகத்தில் பயணிகள் மாறும் நாளே மிகக் கடினமானது. காலையில் உங்களை இறக்கி, பத்து, பதினைந்து அறைகளை முழுதாகத் துடைத்து, மதியத்துக்குள் அடுத்த பயணிகளை ஏற்ற வேண்டும். அந்தக் காலையில் உங்கள் ஸ்டூவர்ட் எந்த அறைக்குள் குனிந்து நிற்கிறார் என்று நீங்கள் தேடிக்கொண்டிருப்பீர்கள். உங்களை இறங்கச் சொல்லி அறிவிப்பும் வந்துவிடும்.

பாதியை முதல் நாளும் பாதியைக் கடைசியிலும் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். விசேட தேவை இருந்தால் அது நல்ல முறை. நடக்க முடியாத தாயாரோடு போகிறீர்கள் என்றால், முதல் நாள் ஸ்டூவர்ட்டைச் சந்திக்கும்போது தேவையைச் சொல்லி, பத்து டொலரைக் கொடுங்கள். தேவையைச் சொல்வதுதான் அதில் முக்கியம்.

காசைத் தலையணையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். பயணியின் அறையில் கிடக்கும் காசைத் தொடக் கூடாது என்பது எங்களுக்கு முதல் நாளே சொல்லித்தரும் பாடம். அது டிப்ஸா, மறந்துவிட்டுப் போன காசா என்று எப்படித் தெரியும்? நேரில் கொடுக்க வழியில்லை என்றால் உறையில் வையுங்கள். உறையின்மேல் அவருடைய பெயரையும் உங்கள் அறை எண்ணையும் 'தேங்க் யூ' என்ற சொல்லையும் ஆங்கிலத்தில் தெளிவாக எழுதுங்கள். அவர் பெயர் சட்டையில் குத்தியிருக்கும். முதல் நாளே தொலைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள்.

வருடப் பிறப்பன்று வீட்டில் பெரியவர் கைவிசேடம் கொடுப்பதை நினைத்துப் பாருங்கள். புதுத்தாளாக, வலது கையால், முகம் பார்த்துக் கொடுப்பார். கப்பலிலும் அப்படியே கொடுங்கள். பேரனிடம் கொடுத்தனுப்ப வேண்டாம். மாலையில் கட்டில் விரிக்க அவர் வரும் நேரத்தில், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, உறையைக் கையில் கொடுத்து நன்றி சொல்லுங்கள். ஆங்கிலம் வராது என்று தயங்கத் தேவையில்லை. அவருக்கும் அது இரண்டாம் மொழிதான்.

சாப்பாட்டு மண்டபத்தில் கடைசி இரவு, இனிப்பு வந்த பின் கொடுங்கள். வெயிட்டருக்கும் உதவியாளருக்கும் வெவ்வேறு உறை. ஒன்றாகக் கொடுத்து "பங்கிட்டுக்கொள்ளுங்கள்" என்றால், பங்கிடும் பொறுப்பும் வருத்தமும் அவர்கள் தலையில் விழும்.

8. குறை இருந்தால்

அறை சுத்தமில்லை, சாப்பாடு பிழை என்றால் இரண்டாம் நாளே ஸ்டூவர்ட்டிடமோ வெயிட்டரிடமோ சொல்லுங்கள். திருந்தவில்லை என்றால் மேற்பார்வையாளர், தலைமை வெயிட்டர். அதன் பிறகு சேவை மேசை. ஏழு நாளும் பேசாமல் இருந்துவிட்டு, கடைசி இரவில் போய்க் கட்டணத்தை முழுதாக நீக்கச் சொல்வதுதான் எங்கள் வழக்கம். அதனால் உங்கள் அறையும் சுத்தமாகவில்லை, குறை செய்யாதவர்களின் பங்கும் போய்விட்டது.

நீக்கவோ குறைக்கவோ பல கம்பனிகள் அனுமதிக்கின்றன. சேவை மேசையில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். சிலவற்றில் மாற்றவே முடியாது. கப்பலை விட்டு இறங்கிய பின் கேட்பது பெரும்பாலும் வீண்.

9. கரையில்

கரைச் சுற்றுலாவின் வழிகாட்டியும் சாரதியும் அந்தந்த ஊரவர்கள். கப்பல் மூலம் பதிவு செய்திருந்தாலும் நாள் கட்டணத்தில் அவர்களுக்குப் பங்கில்லை. கரிபியனிலும் அலாஸ்காவிலும் அரைநாள் சுற்றுக்கு வழிகாட்டிக்கு ஆளுக்கு மூன்று முதல் ஐந்து டொலர், சாரதிக்கு ஓரிரண்டு. ஐரோப்பாவில் இவ்வளவு எதிர்பார்ப்பதில்லை. நன்றாகச் சொல்லித்தந்தவருக்கு இரண்டு, மூன்று யூரோ. பஸ்ஸை விட்டு இறங்கும்போது கொடுங்கள்.

10. கடைசி மாலையும் காலையும்

கடைசி மாலையில் ஒழுங்கு மாறக் கூடாது. முதலில் உறைகளை நிரப்பிப் பெயர் எழுதிக் கைப்பையில் வையுங்கள். அதன் பிறகே பெட்டியைக் கட்டுங்கள். பெட்டிகளை இரவு பத்து, பதினொரு மணிக்குள் அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். அவற்றை மறுநாள் கரையில்தான் காண்பீர்கள். உறைகளைப் பத்திரமாகச் சேலை மடிப்புக்குள் வைத்து, பெட்டியைப் பூட்டி வெளியே தள்ளிவிட்டு, வெறும் கையோடு என் முன் நின்ற ஓர் அம்மாவை இன்றும் நினைவிருக்கிறது. "பிள்ளை, உனக்கு வைத்திருந்தேன்" என்று சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கு அந்தச் சொல்லே போதுமாக இருந்தது. அவருக்கு அது போதவில்லை.

இரவு அறைக்கோ செயலிக்கோ இறுதிக் கணக்கு வரும். மூன்று இடத்தைப் பாருங்கள்: நாள் கட்டணம் சரியான ஆள் எண்ணிக்கைக்கு ஏறியிருக்கிறதா, மதுச்சாலைப் பில்களில் நீங்கள் எழுதாத மேலதிகத் தொகை ஏதும் உண்டா, முன்கூட்டியே கட்டியது கழிபட்டிருக்கிறதா. பிழை இருந்தால் அன்றிரவே மேசைக்குப் போங்கள். சரியென்றால் பதிவு செய்த கடனட்டையில் தானாகக் கழியும். காலையில் வரிசையில் நிற்கத் தேவையில்லை.

ஒரு டொலர் தாள்களில் நான்கைந்தைச் சட்டைப் பையில் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். சுங்கத்தைத் தாண்டியதும், குவிந்து கிடக்கும் பெட்டிகளுக்குள் உங்களுடையதைத் தேடி எடுத்து, கார் வரை தள்ளிக்கொண்டு வரப்போகிறவர் இன்னொரு துறைமுகத் தொழிலாளி.